நடைபாதை அவர்களுடையது

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

அன்பும் வணக்கமும். நானும் பாப்பாவும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு, உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மேஸ்திரி அண்ணன்தான் பொறுப்பு. அவரை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இருமல் நின்றதா? மரம் அறுக்கிற இடத்தில் மூக்குக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? துணி கட்டினால் அழகு குறைந்துவிடும் என்று நினைப்பா? அந்தக் காட்டில் உங்களைப் பார்க்க மரத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் மர மில்லுக்குச் சாமான் கொண்டுவரும் லாரி நாளைக்குக் கிளம்புகிறது. டிரைவர் இன்று சாயங்காலம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பக்கம் போன் எடுத்தால் இந்தப் பாடு இல்லை. நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் ‘ம்’ போட்டுக்கொண்டே தூங்கிவிடுவீர்கள், அது வேறு விஷயம். கடிதம் என்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் நல்ல சேதி. நம் நாட்டுத் துணைத் தூதரகத்தை இந்த ஊரில் திறந்தே விட்டார்கள். வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது வந்துவிட்டது. வராமல் எப்படி? இப்போது பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் நம் ஆட்கள். இத்தனை பேரும் ஒரு முத்திரைக்காகத் தலைநகரத்துக்கு இரண்டு நாள் ரயிலில் போய்க்கொண்டிருந்த காலம் முடிந்தது. இன்னொரு சேதி, அங்கே எனக்கு வேலையும் கிடைத்துவிட்டது. தூதர் வேலை இல்லை, மயக்கம் போட்டு விழாதீர்கள். பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கிற வேலை. என்னுடைய துப்புரவுக் கம்பெனியே அனுப்பியிருக்கிறது. நான் இங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் அவர்கள் கையில் சரியாக இருப்பதால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை.

அது முன்னே பல் டாக்டர் வைத்திருந்த கட்டடம். எந்த அறைக்குள் போனாலும் ஒரு வாஷ்பேசின் நிற்கிறது. கொடி, முத்திரை, நாற்காலி எல்லாம் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. அதிகாரி என்றால் நரைத்த மீசையோடு ஒருவர் இறங்குவார் என்று நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வந்தவருக்கு என் தம்பி வயசு. முதல் நாளே தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான்தான் சீரகம் வேகவைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து என்னை அக்கா என்கிறார், நான் அவரை ஐயா என்கிறேன். நல்ல பிள்ளை. ஆனால் எதைக் கேட்டாலும் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

கண்ணாடி வைத்து, பேசுவதற்கு அதில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ரகசியம் போலப் பேசுகிறார்கள். எத்தனை வருஷமாக எந்த ஆபீஸிலும் சத்தமாகப் பேசாத பழக்கம். ஒரு கொத்தனார் வந்து சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்று ஐயா கேட்டதற்கு, ‘ஒண்ணும் வேணாம் சார், நம்ம பேச்சு காதுல விழுது, அதான்’ என்றாராம். ஐயாவுக்கு அதற்கு எந்த விதி என்று தெரியவில்லை. நான் டீ கொடுத்தேன்.

கேட்டுக்கு உள்ளே இந்த ஊர் போலீஸ் கேட்காமல் கால் வைக்கக் கூடாதாம். கேட்டுக்கு வெளியே இருக்கிற நடைபாதை அவர்களுடையது. ஆகவே நான் தினமும் காலையில் நம் நாட்டைப் பெருக்கிக் குப்பையை அவர்கள் நாட்டில் கொட்டுகிறேன். கேட்டில் நிற்கும் காவல்காரர் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இனி, சிரிக்க முடியாத விஷயம். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதாவது ஒரு நாட்டின் பாஸ்போர்ட் காட்ட வேண்டுமாம். இல்லாத பிள்ளைகளின் பெயர் மேலே போகும் என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் பிறந்தபோது பதிய இங்கே ஆபீஸ் இல்லை. தலைநகரத்துக்குப் போக நமக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு உங்கள் பழைய கம்பெனி மூடி உங்கள் பெர்மிட்டும் போனது, ரயிலில் சோதனை என்று பயந்து போகவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நாளைக்கே நம்மைப் பிடித்தால், என்னை என் பாஸ்போர்ட்டில் அனுப்புவார்கள், உங்களை உங்கள் பாஸ்போர்ட்டில் அனுப்புவார்கள். இவளை எதில் அனுப்புவார்கள்? எந்த விமானத்தில் இவளை ஏற்றுவார்கள்?

ஐயாவிடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். அப்பா அம்மா இரண்டு பேரும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கொடுத்துவிடலாம் என்றார். அதனால் நீங்கள் ஒரு தடவை வரவேண்டும். இந்த வாரம் கூட்டம் நெரிகிறது. இந்த வியாழன் வேண்டாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை வாருங்கள். ஊர் பஸ்ஸில் சோதனை கிடையாது, ரயில் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும், வியாழன் என்றால் திங்களே வந்து நிற்கிற ஆள். அப்படி வராதீர்கள். எனக்குப் பயமாகவே இருக்கிறது. வந்து கேட்டுக்குள் கால் வைத்துவிட்டீர்கள் என்றால் போதும், பிறகு பயமில்லை.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பல் டாக்டர் வீட்டில் வேலை பார்க்கிற அம்மாவுக்குப் பொக்கைவாய்ப் பெண்.

உங்கள் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா


ஞாயிற்றுக்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

வராதீர்கள். மற்றதைப் பிறகு படியுங்கள். வியாழக்கிழமை வரவேண்டாம், எந்தக் கிழமையும் வரவேண்டாம். மில்லைவிட்டு ஓர் அடி வெளியே வைக்காதீர்கள். இதைப் படித்ததும் மேஸ்திரி அண்ணனிடம் காட்டுங்கள், அவர் உங்களைப் பிடித்து உட்காரவைப்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து சரியில்லை என்று திட்டாதீர்கள்.

ஆபீஸில் ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேருக்குத்தான் டோக்கன். அதனால் நம் ஆட்கள் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். குளிரில் எவ்வளவு நேரம் நிற்பது? நம் புத்தி எங்கே போகும்? வரிசையில் அவரவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மாற்றுச் செருப்பிலும் வெறுங்காலிலும் எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஊரில் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் செய்ததுதானே. முதல் நாள் ஜன்னலிலிருந்து பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருத்தர் செருப்பை ஒருத்தர் தள்ளினால் காவல்காரர் பஞ்சாயத்து வேறு. இந்த ஊர்க்காரர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். போட்டோ எடுத்தவர்கள் யார் யார் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் ஒரு வேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் இருந்த நம் ஆட்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இந்த ஊர்க்காரர்களும் இருப்பார்கள், யார் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கதவைத் திறந்ததும் எல்லாரும் ஓடி வந்து அவரவர் செருப்பில் காலை விட்டார்கள். அவ்வளவுதான். வேனிலிருந்து போலீஸும் இறங்க, செருப்பில் கால் போன ஒவ்வொருவரிடமும் போய்ப் பெர்மிட்டைக் காட்டு என்றார்கள். பெர்மிட் சரியாக இருப்பவர்கள் இந்த ஆபீஸுக்கு எதற்கு விடியற்காலையில் வந்து நிற்கப்போகிறார்கள்? யாரோ கூட்டி வாரியது போல் வேன் நிறைந்துவிட்டது.

நம் பெயிண்டர் தம்பியை ஞாபகம் இருக்கிறதா, நம் அறைக்கு நீலம் அடித்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றவன்? அவன் கேட்டுக்கு மிகப் பக்கத்தில் நின்றான். காவல்காரர் இருக்கிற சத்தத்தையெல்லாம் சேர்த்து ‘உள்ள வாடா, ஓடி வாடா’ என்று கத்தினார். அவனுக்கும் கேட்டது. ஆனால் ஒரு கால்தான் செருப்பில் இருந்தது. அதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்று புதிதாக வாங்கிய செருப்பு. குனிந்து இன்னொன்றை எடுக்கப் போனான். அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் நம் நாட்டுக்குள் வந்திருப்பான். குனிந்தவனைக் குனிந்தபடியே பிடித்துவிட்டார்கள். அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். நான் கையில் துணியோடு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவள் என்று காட்டிவிடுவானோ என்று நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அவன் ஒன்றும் காட்டவில்லை. பாவி, அப்போதும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஐயா வெளியே ஓடிப் போய் ஏதேதோ பேசினார். நடைபாதையில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று அவர்கள் மரியாதையாகவே சொன்னார்களாம். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பேயறைந்த மாதிரி இருந்தார். ‘இந்த ஆபீஸ் இல்லாம இருந்திருந்தா இவங்க ஆளுக்கொரு மூலையில நல்லா இருந்திருப்பாங்கக்கா, நான்தான் பலகை வெச்சு எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவெச்சுட்டேன்’ என்றார். எனக்கும் அதே நினைப்புதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. இழுபறியில் கழன்று நடைபாதையில் கிடந்த செருப்புகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பின்னறையில் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொதுவாகக் கேட்பது போல் கேட்டது என் பிள்ளைக்காகத்தான், என் வீட்டுக்காரர் இன்ன மில்லில் இருக்கிறார், அவர் இந்த நடைபாதையைத் தாண்டினால் நான் அவரை மறுபடி பார்க்க மாட்டேன் என்று சொல்லி அழுதேன். ஆமாம், ஓர் அதிகாரி முன்னால் அழுதேன், வெட்கமாக இல்லை. அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அடப்பாவி இப்பவும் புத்தகமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொம்ப நேரம் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: ‘அதிகாரி முன்னால கையெழுத்துப் போடணும்னுதான் இருக்கு. அதிகாரி எங்க நிக்கணும்னு இதுல இல்லக்கா.’

ஆகவே அவரே வருகிறார். அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. ஆபீஸ் காரில் கொடியைக் கட்டிக்கொண்டு முத்திரையோடு மில்லுக்கு வருகிறார். அந்தக் காரை நிறுத்த அவர்களால் முடியாதாம். உங்களுக்கு மட்டுமில்லை, அங்கே இருக்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் அங்கேயே முடித்துக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, இருக்கிற இடத்தில் இருப்பது. முகத்தைக் கழுவிக்கொண்டு, துணி வெளுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. அப்பா பார்த்தால் பல் விழுந்தது தெரியாதே என்று அவளுக்கு ஒரே வருத்தம்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வராதீர்கள்.

பயத்தோடும் அன்போடும்,
பாப்பாவின் அம்மா


ஞாயிற்றுக்கிழமை

மேஸ்திரி அண்ணனுக்குத் தங்கை எழுதும் வணக்கம்.

அண்ணன் என்னைப் பார்த்ததில்லை. உங்களைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி எனக்கு நீங்கள் கூடப்பிறந்தவர் மாதிரி. உங்கள் குறட்டையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லாரி டிரைவர் புதன்கிழமை திரும்பி வந்து, என் இரண்டாவது கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை உங்கள் கையில்தான் கொடுத்ததாகவும், பாப்பாவின் அப்பா முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். வியாழன் வரச் சொன்னால் திங்களே கிளம்புவார் என்று எனக்குத் தெரியும், நானே அதை எழுதினேன், எழுதி என்ன பயன்? பெரிய ரோடு வரை நடந்துபோய்ப் பஸ் பிடிப்பதாகச் சொன்னாராம். அப்படியானால் திங்கள் சாயங்காலமே இங்கே வந்திருக்க வேண்டும். இன்று ஞாயிறு. இதுவரை வரவில்லை அண்ணா.

நான் தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். நின்று பார்க்கப் பயம். காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொரு கடையாக நின்று பார்க்கிறேன். வீட்டில் தேவைக்கு மேல் காய் அழுகுகிறது. ஆபீஸ் முன்னால் அந்த இரண்டு பேரும் இன்னும் மதில்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது வரிசை இல்லை, யாருமே வருவதில்லை. கொடி மட்டும் பறக்கிறது. நான் டீ போட்டு ஐயாவுக்கும் காவல்காரருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றுகிறேன்.

போலீஸில் போய்க் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் நீ யார், வீடு எங்கே, வீட்டில் வேறு யார் என்பார்கள். பாப்பா வீட்டில் இருக்கிறாள். ஐயாதான் எனக்காகக் கேட்டுப் பார்த்தார். பிடித்துவைத்திருப்பவர்களின் பெயர்களை ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டுமாம். பெயிண்டர் தம்பி பெயரைச் சொன்னார்கள். இவர் பெயர் அதில் இல்லையென்று ஐயா சந்தோஷமாக வந்து சொன்னார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் பெர்மிட் போன அன்றைக்கே இவர் என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்: ‘என்னைப் புடிச்சா நான் எம் பேரச் சொல்ல மாட்டேன், பேரச் சொன்னா வீட்டுக்கு வந்துருவானுங்க.’ சொன்னால் சொன்னதைச் செய்கிற மனுஷர். எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார், நான் எந்தப் பெயரைக் கேட்பேன்? ஒரு பெண் தன் புருஷனை எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது என்று தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்.

இன்னொரு பக்கம் மனசு வேறு மாதிரியும் சொல்கிறது. வழியில் சோதனையைப் பார்த்திருப்பார், பாதியில் இறங்கியிருப்பார், காட்டு வழியாகவே திரும்பி உங்களிடம் வந்திருப்பார். சொன்ன பேச்சைக் கேட்காமல் கிளம்பினேனே, இவளிடம் என்ன சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் அறையில் சுருண்டு படுத்திருப்பார். அப்படியானால் அண்ணா, நன்றாகத் திட்டுங்கள். என் சார்பில் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திட்டுங்கள். பிறகு சுடச்சுடச் சோறு போடுங்கள். பசித்திருப்பார், கேட்க மாட்டார்.

வருகிற ஞாயிறு ஐயா அங்கே வருவது உறுதி. கார் கழுவியாகிவிட்டது. என் பங்குக் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். பக்கத்தில் அவர் போடவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அங்கே இருந்தால் அவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து ஐயா முன்னால் நிறுத்துங்கள். உங்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏதாவது ஆகவேண்டியிருந்தால் அதையும் தயங்காமல் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். ஐயா சின்னவர், முகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவருக்குத்தான் நம்மைப் பார்த்துப் பயம், யாருக்கு என்ன ஆகுமோ என்று. தயவுசெய்து யாரும் ஆபீஸ் தேடி ஊருக்கு வராதீர்கள். இதை நம் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

பாப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் போய்விட்டதே என்றாள். மில்லில் வேலை அதிகம் என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு யார் இவ்வளவு புத்தியைக் கொடுத்தது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

டிரைவர் புதன்கிழமை திரும்பி வருவார். அவர் வரும்போது பாப்பாவும் என் பக்கத்தில்தான் நிற்பாள், லாரி சத்தம் கேட்டால் அவளை உள்ளே நிறுத்த முடியாது. அதனால் ஒரு வேண்டுகோள். பாப்பாவின் அப்பா அங்கே இருந்தால், இருக்கிறார் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும். இல்லையென்றால் ஒன்றும் எழுதவேண்டாம், டிரைவரிடமும் ஒன்றும் சொல்லி அனுப்பவேண்டாம். அதற்குப் பதில் உங்கள் மில் கடையில் மிட்டாய் ஏதாவது இருந்தால் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அப்பா கொடுத்தனுப்பினார் என்று சொல்லி அவளிடம் கொடுக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் நல்லபடியாக உங்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் தங்கை